உடைகிற இடம்

ஆறுதல்புரத்தில் யாருக்கும் அழுகை வராமல் போன அந்த வருஷத்தில் அதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் எப்சிபா. கோயிலிலோ சாவு வீட்டிலோ அல்ல, ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில், பிள்ளைகளுக்கு சாம்பார் வைக்க மடி நிறையச் சின்ன வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, முக்கால்வாசி உரித்து முடித்த பிறகுதான், தான் ஒரு தடவைகூட முந்தானையை எடுத்து முகம் துடைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வெங்காயத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நசுக்கிப் பார்த்தாள். காரம் மூக்கில் ஏறியது, தொண்டையில் இறங்கியது, கண்ணுக்கு மட்டும் வரவில்லை. வெங்காயம் போட்ட கடைக்காரன்தான் ஏதோ மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டான் என்று அவனை நாலு வார்த்தை வைதுவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று சாயங்காலம் புருஷனுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனபோது இதைச் சொன்னாள். அவள் புருஷன் பொன்னுதாஸ், திருச்செந்தூர் போகிற ரோட்டில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தான். அவன் கிரீஸ் கையோடு அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் கருவேலங்குச்சி கீறினதிலிருந்து எப்சிபாவுக்கு இடது கண்தான் முதலில் கலங்கும். நல்லா நேரம் கழித்துத்தான் வலது கண் கலங்கும். கல்யாணமான புதிதிலிருந்தே அவனுக்கு அது ஒரு வேடிக்கை. "ஒனக்கு இடது கண்ணு முதல் மணி, வலது கண்ணு ரெண்டாம் மணில்லா. கோயில்ல மணி அடிக்கலன்னா ஆராதனை இல்லன்னு அர்த்தம். போ, நிம்மதியா இரு" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்றுதான் ரெண்டு பேரும் நினைத்தார்கள்.

பிறகு மற்றவர்களும் கண்டுகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பிள்ளைகள் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றார்களே தவிர சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வடக்குத்தெருவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது தாயும் மகளும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குலுங்கிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, வீடியோக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து கிளிசரின் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பாளையங்கோட்டைக் கண் டாக்டர், தன்னிடம் போனவர்களுக்குக் கண்ணில் குறை ஒன்றும் இல்லையென்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு ஜனங்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மழைக்காலம் தொடங்கின வாரத்தில் பொன்னுதாஸ் செத்துப்போனான். ஒட்டி முடித்த லாரி டயருக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருக்கும்போது, சக்கரத்து விளிம்பில் டயரைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு வளையம் தெறித்து அவன் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள், பெட்டியில் வைத்தபோதும் துணியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் எப்சிபா உட்கார்ந்திருந்தாள். தொண்டைக்குள் யாரோ முழங்கையை விட்டுத் திருகுகிறதுபோல் இருந்தது, கண் மட்டும் காய்ந்த குளம்போலக் கிடந்தது. எதிரே அவள் மாமியார் லேயாள் மாரில் அடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் வாய் இருந்தது.

"எட்டி, எம் பிள்ளைக்கு ஒரு சொட்டு விட ஒனக்கு மனசு வரலியா? அவன் ஒன்ன என்ன கொறையா வச்சிருந்தான்?"

"அத்தை, வரலியே. நான் என்ன செய்ய?"

"வரலியாம்! கல்லுட்டி நீ. கல்லு."

சுற்றியிருந்த பெண்கள் யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கும் வரவில்லை, ஆனால் கட்டின பெண்டாட்டிக்கு வராமலிருப்பது வேறு என்று அவர்கள் நினைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண்ணை அள்ளிப் போட்டபோதும் எப்சிபா கண்ணை இறுக்கி மூடி மூடித் திறந்தாள். தன் கண்ணீர் தீர்ந்துபோகவில்லை, எங்கேயோ இருக்கிறது, யாரோ ஒரு வாசலில் அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அது எங்கே இருக்கிறது என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ஆறுதல்புரத்துக் கோயில் வெள்ளைக்காரன் காலத்தில் கல்லால் கட்டினது. போன ஈஸ்டருக்குத்தான் அதன் உள்ளே புது ஸ்பீக்கரும், பீடத்துக்குப் பக்கச் சுவரில் ஆள் உயரத் திரையும் வைத்தார்கள். பாட்டு நடத்த ஆல்வின் என்பவனை அழைத்துவந்தார்கள். ஆல்வின் இந்த ஊர்ப் பையன்தான், சென்னையில் இசை படித்துவிட்டு வந்தவன், முப்பது வயதுகூட இருக்காது. அவன் கெட்டிக்காரன், அதில் பொய் இல்லை. அவன் வந்த பிறகுதான் பாட்டுக்குழுவில் எல்லாரும் ஒரே சுதியில் நின்றார்கள், ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடித்தார்கள், முடிக்கிற இடத்தில் ஒருத்தர் மூச்சுகூடத் தனியாகக் கேட்காது. இதற்கெல்லாம் மேலே அவனிடம் ஒன்று இருந்தது. ரெண்டாவது பாட்டில், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிற இடம் வரும், மூன்றாவது சுற்றில் டிரம்ஸ் நிற்கும், விளக்கு மங்கும், அவன் குரல் நூல் மாதிரி மெலிந்து மெலிந்து அறுந்துபோகும், அவன் அழுவான். திரையில் அவன் முகம் மட்டும் பெரிதாக வரும். அதைப் பார்த்துச் சபையே கையைத் தூக்கும்.

அன்றைக்கும் அந்த இடம் வந்தது, அவன் குரல் அறுந்தது. எப்சிபா திரையைப் பார்த்தாள். ஆல்வினுடைய இடது கண் நிறைந்து வழிந்தது. இடது கண் மட்டும். கன்னம் முழுக்க இறங்கி, தாடையில் தொங்கி, சட்டைக் காலரில் விழுந்து, நல்லா நேரம் கழித்துத்தான் வலது கண் கலங்கியது.

எப்சிபா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏல, அது என் கண்ணீரு!"

பாட்டு நின்றது. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு திரையைப் பார்த்தார்கள், பிறகு மறுபடியும் அவளைப் பார்த்தார்கள். அவளைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. சபைச் செயலாளர் பால்துரை அண்ணாச்சி, அந்தத் திரையைத் தன் கைக்காசில் வாங்கிப் போட்டவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தார்.

"ஆமா எப்சிபா, ஒன் கண்ணீரு போலுக்கு. இடது கண்ணுலல்லா முதல்ல வருது." அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "கர்த்தர் ஒன் கண்ணீரை எவ்வளவு பெரிய காரியத்துக்கு எடுத்திருக்காரு பாத்தியா? எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? ஒக்காருமா. தம்பி, நீ பாடு."

ஆல்வின் பாடினான். அவளுடைய கண்ணீரை வடித்துக்கொண்டே பாடினான்.

அதற்குப் பிறகு ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் எல்லாக் கண்ணீருக்கும் இடம் தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு அழுகை இருந்தது, அது இதுநாள்வரை யாரும் யோசிக்காத விஷயம். ஒரு வீட்டாருக்கு விக்கல் எடுத்துத்தான் அழுகை வரும், இன்னொரு வீட்டாருக்கு மூக்கு நுனி சிவந்துதான் வரும், ஒரு வீட்டாருக்கு அழும்போது ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் உடைகிற இடத்தில் ஜனங்கள் ஒருத்தரையொருத்தர் முழங்கையால் இடித்துக்கொண்டு, இது எங்க வீடு, இது எங்க சித்தப்பா செத்ததுக்கு, இது எங்க மாடு குளத்துல விழுந்ததுக்கு என்று அடையாளம் சொன்னார்கள். தங்கள் வீட்டுக் கண்ணீர் திரையில் வந்த வாரம் அந்த வீட்டார் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள், வராத வாரம் பால்துரை அண்ணாச்சியிடம் போய்க் குறை சொன்னார்கள். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் முன் பெஞ்சில் இடம் விட்டார்கள். சிறிய துக்கமோ பெரிய துக்கமோ, எது வந்தாலும் ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடலாம் என்று சொல்லிப் பழகினார்கள், சொல்லிவிட்டு அரிசி புடைத்தார்கள், ஆட்டுக்குக் குழை ஒடித்தார்கள், சீரியல் பார்த்தார்கள், அப்படி இருப்பது லேசாகத்தான் இருந்தது.

அம்மன் கோயில் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தத் தெருப் பெண்கள் ஒப்பாரி வைத்தால் ஊரே கலங்கும், இப்போது அது ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிறதுபோல இருக்கிறது என்று மரியாதையாகவே முறையிட்டார்கள். சபை மன்றம் கூடிப் பேசி, கோயில் வளாகத்துக்குள் பந்தல் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி வரிசை வைத்து வெளியே ஒரு திரையையும் கட்டிக் கொடுத்தது. அவர்களும் வந்து உட்கார்ந்து தங்கள் கண்ணீர் எப்போது வரும் என்று பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வேன் வேனாக ஜனங்கள் வந்தார்கள். ஆல்வின் அழுவது நேரலையில் போயிற்று, வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்த்தார்கள். குருவானவரை அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள், அவர் நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். செய்துவிட்டு எப்சிபா உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் பார்க்காமல் இறங்கிப்போனார்.

எப்சிபா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. தன்னுடையது எதுவோ அங்கே இருக்கிறது, அதைக் கண்ணாலாவது பார்க்கலாம் என்று போனாள், பார்த்துவிட்டு வயிறு எரிந்து வந்தாள். பொன்னுதாஸ் படுத்த பாய், அவன் சட்டையில் போகாத கிரீஸ் கறை, அவன் இல்லாமல் வடிக்கிற சோறு, எல்லாவற்றையும் அவள் காய்ந்த கண்ணோடு பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் லேயாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கிழவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின் பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு வருவாள், வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், அது தன்னுடையதா மருமகளுடையதா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாட்டுக்குழு ஒத்திகை நடக்கிற நேரத்தில், எப்சிபா கோயிலுக்குப் போய்ப் பக்கவாட்டு வாசலில் நின்றாள். ஆல்வின் காதில் வயரை மாட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூணாவது ரவுண்ட்ல நான் உடையுறேன். நான் உடைஞ்சதும் டிரம்ஸ் நிக்கணும். போன வாரம் நீ ஒரு அடி சேத்து அடிச்சிட்ட, அது அசிங்கமா கேட்டிச்சு. கீபோர்டு மட்டும் மெல்லிசா இருக்கட்டும். கேமரா அண்ணே, நான் கண்ணை மூடுனதும் கிட்ட வந்திருங்க."

"அது எப்பிடிடே, நாளைக்கு வரப்போற அழுகைய இன்னைக்கே சொல்லுத?"

எல்லாரும் திரும்பினார்கள். ஆல்வின் காதிலிருந்து வயரைப் பிடுங்கினான். மற்றவர்களைப் போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, பீடத்துப் படியில் உட்கார்ந்தான். எப்சிபா உட்காரவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட வரணும்னுதான் இருந்தேன்."

"வரலியே."

"பயமா இருந்திச்சு." அவன் கையைப் பிசைந்தான். திரையில் பார்க்கிறதைவிட நேரில் சின்னவனாக இருந்தான். "எனக்கு அழுகை வராதுக்கா. சின்னப் பிள்ளையில இருந்தே அப்பிடித்தான். எங்க அப்பாவைப் புதைச்சப்பவும் வரல. பாட்டு வந்திச்சு. எந்த இடத்துல நிறுத்தினா ஜனங்களுக்குத் தொண்டை அடைக்கும்னு படிச்சுக்கிட்டேன். அடைச்சவங்க மாதிரி பாடவும் படிச்சேன். ஆனா அது மட்டும் வரல. ஒருநாள் வந்திச்சு. வந்த அன்னைக்கே தெரியும், இது என்னோடது இல்லன்னு. அவ்வளவு சூடா இருந்திச்சு."

"தெரிஞ்சும் வச்சுக்கிட்டியா?"

"ஜனங்க கையைத் தூக்குறாங்கக்கா. குணமாகுதுன்னு சொல்லுறாங்க. நான் எப்பிடி விடுவேன்?"

"எனக்குத் திருப்பித் தா."

"எப்பிடிக் குடுக்கதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. கெட்டவனாக இருந்திருந்தால் ரெண்டு அறை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் திரும்பி நடக்கப் போனபோது அவன் எழுந்து பின்னாலேயே வந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படாதீங்க. தண்ணி வருது, ஆனா எதுக்கு வருதுன்னு தெரியாம வருது. அண்ணன் எப்பிடி இருப்பாங்க, அன்னைக்கு என்ன நடந்திச்சு, நீங்க கொஞ்சம் சொன்னீங்கன்னா எனக்கு இன்னும் உண்மையா பாட வரும்."

எப்சிபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணிய எடுத்துக்கிட்ட. இப்ப கெணத்தையும் கேக்கியா?"

கால்மாட்டில் கிடந்த கறுப்பு வயர் எதற்கானது என்று அவளுக்குத் தெரியாது, சுவரில் அது சொருகியிருந்த இடத்தைப் பார்த்து இழுத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியேறினாள். உள்ளே கீபோர்டு முனகிக்கொண்டு அடங்கியது.

அசனப் பண்டிகை வந்தது. வருஷத்துக்கு ஒருநாள் ஊர் முழுவதும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொட்டி, கோயில் வளாகத்தில் பெரிய பெரிய அண்டாக்களில் பொங்கி, சாதி மதம் பார்க்காமல் வந்தவர் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. அந்த வருஷம் என்றைக்கும் இல்லாத கூட்டம். வேன்கள் ரோடு வரைக்கும் நின்றன, பந்தலைக் குளத்தங்கரை வரைக்கும் நீட்டியிருந்தார்கள், பால்துரை அண்ணாச்சி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து பெண்களோடு உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எப்சிபா, ஆராதனை மணி அடித்ததும் கையைக்கூடக் கழுவாமல் போய்க் கோயிலுக்குள் கடைசி வரிசையில் தூணோரம் நின்றாள்.

ரெண்டாவது பாட்டு வந்தது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவது சுற்றில் டிரம்ஸ் நின்றது, அன்றைக்கு ஒரு அடிகூடக் கூடவில்லை. விளக்கு மங்கியது. கீபோர்டு மெல்லிசாக இழைந்தது. ஆனால் ஆல்வின் அன்றைக்குப் பாடவில்லை, அந்த மெல்லிய சத்தத்துக்கு மேலே பேச ஆரம்பித்தான். தெருத்தெருவாகக் கேட்டுச் சேர்த்திருந்தான்போல.

"இந்த ஊர்ல பொன்னுதாஸ்னு ஒரு சகோதரன் இருந்தாங்க. கஷ்டப்பட்டு உழைக்கிற கை. அன்னைக்குக் காலையிலயும் வேலை செஞ்சுக்கிட்டிருந்தாங்க. அந்தக் கடைசி நிமிஷத்துல, அந்தக் கடைசி மூச்சுல, அந்த சகோதரனோட உதட்டுல என்ன இருந்திச்சு தெரியுமா? கர்த்தருடைய நாமம் இருந்திச்சு..."

அவன் கண்ணை மூடினான். கேமரா கிட்ட வந்தது. இடது கண் நிறைந்தது. கோயிலுக்குள்ளும் பந்தலிலும் கைகள் ஏறின.

எப்சிபா நடந்தாள். நடுப்பாதை வழியாக, கத்தரிக்காய்க் கறை பிடித்த கையோடு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தாள். பீடத்துப் படியில் ஏறினாள். யாரும் மறிக்கவில்லை, கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லப்போகிறாள் என்று நினைத்து ஒருத்தர் மைக்கைக்கூட நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"ஏல, நிறுத்து." பிறகு கீபோர்டு பக்கம் திரும்பினாள். "நீ அந்த மிஷினை அமத்து. நான் பேசும்போது அடியில எதுவும் கேக்கப்பிடாது."

கீபோர்டு நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"உதடா? எந்த உதடு? நான் ஆஸ்பத்திரியில போய்ப் பாக்கும்போது அவருக்கு உதடு இல்ல. வாயே இல்ல. மூக்குக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. குதிகால் வெடிப்பைப் பாத்துத்தான் அவருன்னு சொன்னேன். அந்த வெடிப்புல மெழுகு உருக்கித் தேய்க்கிறவ நான். கர்த்தர் நாமமா? அந்த லாரிக்காரன்கிட்ட டீ வாங்கிட்டு வாடேன்னு சொல்லிருக்காரு. அவ்வளவுதான் சொல்லிருக்காரு. பொறவு நான் கடைக்குப் போகும்போது டீ ஆறி, ஆடை கெட்டிப்போயி, பெஞ்சியில அப்பிடியே இருந்திச்சு. அதை ஓடையில கொட்டினவ நான். இதுக்கு ராகம் போடு. போடுல, பாப்போம்!"

ஆல்வின் கண்ணைத் திறந்தான்.

"கர்த்தர் அந்நேரம் எங்க இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. அதை நான்தான் கேக்கணும். ஐயரு கேக்க முடியாது, நீ கேக்க முடியாது, இந்தச் சுவத்துல தொங்குத டிவி கேக்க முடியாது. நான் கேக்கணும். கேக்கதுக்கு எனக்குக் கண்ணீரு வேணும். அதை நீ வச்சுக்கிட்டு, ஊரான் பாக்கதுக்குக் காட்டிக்கிட்டிருக்க!"

திரையில் ஆல்வினுடைய கன்னத்தில் பாதிவரை இறங்கியிருந்த சொட்டு அங்கேயே நின்றது. பிறகு வந்த வழியே மேலே ஏறிக் கண்ணுக்குள் போய் மறைந்தது. அவன் முகம் காய்ந்துபோயிற்று. எப்சிபாவுக்கு முதலில் மூக்கு ஒழுகியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது எந்தச் சுதியிலும் நிற்காத சத்தம், மாடு கன்று போடும்போது கேட்கிறதே அப்படி ஒரு சத்தம். அவள் முகமெல்லாம் நனைந்தது.

பின் பெஞ்சில் லேயாள் எழுந்து நின்று, எம் பிள்ளே எம் பிள்ளே என்று கத்தினாள், அவள் கன்னத்துச் சுருக்கமெல்லாம் ஓடையாயிற்று. அதற்குப் பிறகு யாராலும் தாங்க முடியவில்லை. ஒத்திப்போட்டிருந்த எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. சித்தப்பனுக்காக அழுதவர்கள், கட்டிக்கொடுத்த மகளுக்காக அழுதவர்கள், வாங்கின அடிக்காக அழுத பிள்ளைகள், எதற்கு என்றே மறந்துபோய் வெறுமனே அழுதவர்கள். பந்தலில் அம்மன் கோயில் தெருப் பெண்கள் எழுந்து நின்று தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, தங்கள் சாவுகளுக்கெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பாரி வைத்தார்கள். ஐயர் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். சளியும் எச்சிலுமாக, ஒருத்தர் அழுகை ஒருத்தர் அழுகையோடு சேராமல், கோயில் முழுக்க ஒரே கூச்சல். பார்க்க நன்றாக இல்லை. வெளியூர் வேன்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொருத்தராக வெளியே போனார்கள்.

ஆல்வின் நடுவில் நின்று அந்த வரியைப் பாடிப் பார்த்தான். சுதி ஒரு மயிரிழைகூட விலகவில்லை. யாருக்கும் கேட்கவில்லை. அவன் அதற்குப் பிறகும் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆறுதல்புரத்தில் பாட்டு நடத்தினான், காய்ந்த கண்ணோடு, கேமராவைப் பார்க்காமல், குனிந்து, தச்சன் பலகை இழைக்கிறதுபோல ஒழுங்காகப் பாடினான். எப்சிபாவுக்கு அவன்மேல் கோபம் போகவில்லை என்றாலும் இப்போதுதான் பையன் பாடுகிறான் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் அபிஷேகம் போயிட்டு, கர்த்தர் குடுத்த வரம் போயிட்டு என்று சபையார் சொன்னார்கள், சபை மன்றம் வேறு ஆள் தேடியது, அவன் சென்னைக்கே போய்விட்டான்.

அசனத்தன்று எப்சிபா சாப்பிட நிற்கவில்லை. அழுதுகொண்டே கோயில் வாசலைத் தாண்டி, அழுதுகொண்டே தெருவில் நடந்து, வீட்டுக்குள் போய் வெறுந்தரையில் விழுந்தாள். லேயாள் மூச்சு வாங்க வாங்கப் பின்னாலேயே வந்து வாசலில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே எப்சிபா கர்த்தரை நீ வா போ என்று கேள்வி கேட்டாள், பொன்னுதாஸைத் திட்டினாள், டயரைத் திட்டினாள், கெட்ட வார்த்தை சொன்னாள். மத்தியான வெயில் முற்றத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது பால்துரை அண்ணாச்சி வந்தார். கூடவே கேமராக்காரரும் வந்தார். அண்ணாச்சியின் கண்ணும் வீங்கித்தான் இருந்தது, அவர் அழுததும் உண்மையான அழுகைதான், ஆனால் அவர் அழுது முடித்துவிட்டு யோசித்தும் முடித்திருந்தார். செல்போனை வாசல் கதவுக்கு நேராக, உள்ளே கேட்கிற சத்தத்துக்கு நேராக, தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எப்சிபா, இன்னைக்கு நடந்தது பெரிய எழுப்புதல்மா, சபையே பக்தியில முழிச்சிட்டு. பாத்த ஜனங்க எல்லாம் கேக்காங்க. வாற ஞாயித்துக்கிழமை நீ முன்னால வந்து அதையே சொல்லணும். வெள்ளைச் சேலை நாங்களே எடுத்துத் தாறோம். அந்த 'வாயே இல்ல'ன்னு சொல்லுத இடம் இருக்குல்லா, அங்கன மட்டும் செத்த நேரம் நிறுத்து. கீபோர்டு மெல்ல உள்ள வரும். பிரமாதமா இருக்கும்."

உள்ளே அழுகை ஒரு நொடி நின்றது. எப்சிபா எழுந்து வரப்போகிறாள், அந்த ஆளை என்ன செய்யப்போகிறாளோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் எழுந்தது லேயாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சி பக்கத்தில் வந்து, அவர் கையிலிருந்த செல்போனைக் கத்தரிக்காய் பறிக்கிறதுபோலப் பறித்து மாட்டுத் தொட்டிக்குள் போட்டாள். தவிட்டுத் தண்ணீரில் அது ஒரு முக்கு முக்கிவிட்டு அடியில் போயிற்று.

"ஏ பெரியம்மா!" என்று அண்ணாச்சி அலறினார்.

"போங்கய்யா. எம் மருமவ அழுவுதா. அது பாட்டு இல்ல."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ரெண்டு அழுகைச் சத்தம் கேட்டது, ஒன்றோடொன்று சேராமல், ஒன்று மூச்செடுக்கும்போது இன்னொன்று ஏறி, நடுநடுவே ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டு, பொழுது சாயும்வரைக்கும் கேட்டது. அண்ணாச்சி தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தெருவில் நின்றவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒருத்தர்கூட ஆமென் சொல்லவில்லை.